பிலோ அத்தையை எத்தனை மணிக்கு எடுப்பது?

மத்தியான வெயில் வார்டின் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. ஊதல் நின்ற பிறகும் ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் அடங்குவதற்குள் பிலோ அத்தை கண்ணைத் திறந்தாள்.

என்னைப் பார்த்தாள். என் பின்னால் நின்ற சேவியரைப் பார்த்தாள். பிறகு, வந்தவர்களிடம் காபியா டீயா என்று விசாரிக்கிற குரலில், நிதானமாகக் கேட்டாள்.

“எத்தினி மணிக்கு எடுக்குறீங்கோ?”

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் விளக்கம் வேண்டாம். சாவு வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றுவதற்கு முன், குரலைத் தாழ்த்தி எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆனால் எடுக்கப்பட வேண்டியவரே அதைக் கேட்டு நான் கேட்டதில்லை.

சேவியர் அத்தையின் ஒரே மகன். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். ஒரு வீட்டையே பின்னால் இழுத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னோக்கி ஓட்டக்கூடியவன், அந்தக் கேள்விக்கு முன்னால் ஓரடி பின்வாங்கினான்.

“யார எடுக்கறதும்மா?”

“என்னத்தான். வேற யார எடுப்பாங்கோ? வெயில் தாழ எடுங்கோ நைனா. கூட வர்றவங்களுக்குக் காலு சுடும்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியவள் முகத்தில் ஒரு வலி இல்லை, பயம் இல்லை. வேலையை முடித்துவிட்டுத் திண்டில் சாய்ந்தவள் போல இருந்தாள்.

இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிந்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் அது.

அவள் கை பட்டவர்கள்

என் அப்பாவின் தங்கை பிலோமினா அத்தை யாரென்று சொன்னால்தான் அந்தக் கேள்வியின் குளிர் உங்களுக்கு எட்டும்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்துபோனால் கோயிலில் மணி அடிக்கிறவருக்கு ஆள் போகும். அதே நேரத்தில் பிலோ அத்தைக்கும் ஆள் போகும். பல நேரம் அவளுக்குத்தான் முதலில். துறைமுகத்து கேன்டீனில் அண்டா அண்டாவாகச் சாம்பார் கிளறிய கை அவளுடையது. அந்தக் கையையே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், இறந்த பெண்களைக் குளிப்பாட்டி அலங்கரிப்பாள். யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. ஒரு வீட்டில் யாரும் தொடப் பயந்தபோது இவள் தொட்டாள். அதன் பிறகு எல்லா வீட்டிலும் இவளே தொட்டாள்.

ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவாள். வெந்நீர்தான் கேட்பாள். “அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது, பச்சத் தண்ணியே போதாதா?” என்று யாராவது சொன்னால், “எனக்குத் தெரியுதில்ல? என் கைதானே உள்ள போவுது?” என்பாள்.

ஒரு முறை இருந்தது அவளுக்கு. முதலில் நகை: மூக்குத்தி, தோடு, வளையல், கடைசியாக மெட்டி. பிறகு கண்ணாடியும் பல் செட்டும். பிறகு உடம்பைத் துடைப்பது, நகம் வெட்டுவது. முடியை வாரி இரட்டைச் சடை போட்டு இரண்டையும் மார்பின் மேல் கொண்டுவருவாள். ஒற்றைச் சடை பின்னால் இருந்தால் தலை நேராக நிற்காதாம். பிறகு புதுத்துணி. எல்லாவற்றுக்கும் கடைசியில் தாடைக்கு ஒரு கட்டு, கால் கட்டைவிரல்களுக்கு ஒரு கட்டு, விரல்களில் சுற்றிய ஜெபமாலை.

பேசிக்கொண்டேதான் செய்வாள். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வீட்டுக்கு வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போயிருக்கிறேன். ஸ்டெல்லா என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கை விறைத்துப்போய் ஜாக்கெட்டுக்குள் நுழைய மறுத்தது. அத்தை குனிந்து அவள் காதோரம் சொன்னாள்.

“ஸ்டெல்லா, கையத் தளத்திக் குடு கண்ணு. புதுசு இது. உனுக்குத்தான்.”

கை தளர்ந்தது.

விறைத்த உடம்பு நேரம் போனால் தானே இளகும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தது அறிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த முழங்கை மட்டும் இன்றைக்கும் என் கண்ணுக்குள், கேட்டதற்கு இணங்கி, மெல்ல மடங்குகிறது.

நாங்கள் அதைத் தைரியம் என்று நினைத்தோம்

கழுவிவிட்ட சமையலறைத் தரையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடுப்பின் பந்து மாதிரியான முனை உடைந்துவிட்டது, எடுத்துவிட்டு வேறு பொருத்த வேண்டும், இந்த வயதில் படுக்கையில் கிடக்கவிட்டால் ஆளே போய்விடுவார் என்றார். எழுபதைத் தாண்டிய அத்தை, “செய்ங்கோ,” என்றாள்.

பயந்தது சேவியர்தான். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் பங்குச் சாமியாரை அழைத்து வந்துவிட்டான்.

சாமியார் இளைஞர். அத்தையின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். இது நோயாளிக்குப் பலம் வேண்டிப் பூசுவது, பயப்பட ஒன்றுமில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் பெறலாம் என்று பொறுமையாக விளக்கினார். அத்தை தலையாட்டினாள். அவள் தலைமுறையில் அதற்குப் பெயரே அவஸ்தைப் பூசுதல். போகிறவர்களுக்குத்தான் பூசுவார்கள். பூசிய நெற்றிகளைப் பிறகு துடைத்தவள் இவள்.

மறுநாள் காலையில் சிஸ்டர் வந்து ஆபரேஷனுக்குத் தயார் செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சின்ன வயது, பழகிய கை.

முதலில் மூக்குத்தி. திருகு இறுகிப்போயிருந்தது, சோப்பு நுரை போட்டுக் கழற்றினார். தோடு. வளையல். மெட்டி. பிறகு கண்ணாடியை வாங்கி என்னிடம் கொடுத்தார். பல் செட்டைக் கழற்றச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்து கலந்து உடம்பைத் துடைத்தார். நகம் வெட்டினார். முடியை வாரி இரட்டைச் சடை போட்டார். புதிதாய் வெளுத்த துணியொன்றைப் போர்த்தி முதுகுப்பக்கம் முடிச்சிட்டார்.

அத்தை கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள். சொல்வதற்கு முன்பே தாடையை உயர்த்தினாள். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். “சடைய முன்னால போடும்மா. பின்னால கெடந்தா ஒறுத்தும்.”

“பாட்டி என்னா சமத்து பாருங்க! இப்பிடி ஒருத்தங்கள நான் பாத்ததே இல்ல,” என்றார் சிஸ்டர்.

நாங்கள் அதைத் தைரியம் என்று நினைத்தோம். சேவியர் பெருமையாகக் கைப்பேசியில் ஒரு படம்கூட எடுத்தான். அந்தப் படம் இப்போதும் அவனிடம் இருக்கிறது. பார்க்கமாட்டான்; அழிக்கவும் மாட்டான்.

யார் கால் அது

எத்தனை மணிக்கு என்று கேட்ட அன்று சாயங்காலம், அவள் எனக்குத் தன் சாவைச் சொன்னாள். காற்று திசை மாறி, மணலி ஆலைகளின் நெடி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சந்தைக்குப் போய்வந்த கதை போலச் சொன்னாள்.

“முதுகுல ஊசி போட்டாங்கோ. மொதல்ல கட்டவெரலு பூடுச்சு. அப்பால முட்டி. அப்பால இடுப்பு. உசுரு கால்லருந்துதானே கெளம்பும்? கெளம்புதுடான்னு பாத்துகினே கீறேன். உள்ள ஒரே ஜில்லு. ஐஸ் பொட்டில வெச்சுட்டாங்கோ. மேல கண்ணாடியாட்டம் பெரிய லைட்டு. அப்போ யாரோ ஒரு கால மேல தூக்குனாங்கோ. யாரு காலுடா இதுன்னு பாத்தேன்.”

போர்வைக்குள் கிடந்த காலைப் பார்த்தாள்.

“என்னுது. நான் தூக்கலடி.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அது சுற்றுவது கேட்கவில்லை.

“அத்த, அது மரத்துப்போற ஊசி. டாக்டர் தூக்கியிருப்பாரு.”

“ஆமா. அவங்கதான் தூக்கணும். நாம தூக்கமுடியுமா?” என்று ஒத்துக்கொண்டாள். அவளோடு வாதாட முடியவில்லை. நான் சொல்வதெல்லாம் அவள் பக்கமே போய் நின்றுகொண்டது. எண்ணெய் பூசியாயிற்று, நகை கழற்றியாயிற்று, குளிப்பாட்டியாயிற்று, சடை போட்டாயிற்று. ஒவ்வொரு படியும் அவள் அறிந்த படி. அவள் கைகளால் மற்றவர்களுக்குச் செய்ததை அவள் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் ஒருத்திக்கு?

குறை மட்டும் இருந்தது அவளுக்கு. தொழில் தெரிந்தவளின் குறை.

“வேல சுத்தமில்ல. தாடைய கட்டல. கால சேக்கல. நடுவுல தலகாணி வெச்சுகீறாங்கோ பாரு. கால அகட்டிவெச்சா பொட்டி எப்பிடி மூடும்? நீ சேத்துக் கட்டுடி. கட்டவெரலு ரெண்டையும்.”

சொல்லிக்கொண்டே, வெட்டித் தைத்த காலை இன்னொன்றோடு சேர்க்க இழுத்தாள். நான் இரண்டு கையாலும் அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். புதிதாய்ப் பொருத்திய மூட்டு நழுவிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தலையணை. எடுக்கவே கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். செத்தவள் என்று சொல்லிக்கொண்டவளின் காலில் என்ன ஒரு பலம்.

கூப்பிடுங்கள் என்றார் டாக்டர்

கஞ்சி கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் கடைவாய் வழியே வழிந்தது. உட்காரவைக்க வந்தவரிடம், “சாச்சு வெச்சா ஜனங்க பயந்துருவாங்கப்பா,” என்றாள்.

டாக்டர் இரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொன்னார். பிறகு சேவியரையும் என்னையும் வெளியே அழைத்தார்.

“வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி ஒரு குழப்பம் வரும். பைத்தியம் இல்ல. பெரும்பாலும் தெளிஞ்சிடும். ஆனா அது தெளியற வரைக்கும் உடம்பு காத்துக்கிட்டிருக்காது. சாப்பிடணும், தண்ணி குடிக்கணும், எழுந்து நிக்கணும். இப்படியே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும். அப்புறம் அவங்க சொல்றதே நிஜமாயிடும்.”

பிறகு கேட்டார். “கண்ணாடி போடுவாங்களா? பல் செட் இருக்கா? எங்க அதெல்லாம்?”

தொலைந்துவிடக் கூடாதென்று வீட்டு பீரோவில் பூட்டிவைத்திருந்தோம்.

“கொண்டுவந்து மாட்டுங்க. கண்ணு சரியாத் தெரியாம, வாய் குழிஞ்சு கிடந்தா யாருக்குத்தான் குழப்பம் வராது? இன்னைக்கு என்ன கிழமை, எங்க இருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே இருங்க. சண்டை போடாதீங்க, அவங்க சொல்றதுக்கு ஆமாம்னும் சொல்லாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

சேவியர் லாரியைப் போல ஓடிப்போய் இரண்டையும் எடுத்து வந்தான். பல்லை அவள் வாங்கவில்லை. “பொணத்துக்கு எதுக்குடா பல்லு? மண்ணையா மெல்லப் போறேன்?” கண்ணாடியை மட்டும் மாட்டவிட்டாள்.

கண்ணாடி போட்டதும் வார்டைச் சுற்றிப் பார்த்தாள். எதிர்க்கட்டில் அருகே ஊசி போட்டுக்கொண்டிருந்த அந்தத் திருநெல்வேலி சிஸ்டர் மேல் பார்வை நின்றது. முகம் மலர்ந்தது.

“ஸ்டெல்லா! இங்கதான் கீறியா? கையி வலிக்குதா இன்னும்?”

சிஸ்டர் திரும்பினார். “யாரு பாட்டி ஸ்டெல்லா?”

“உனுக்குத்தானே நான் ஜாக்கெட்டு போட்டுவுட்டேன். மஞ்சளு. மறந்துட்டியா கண்ணு?”

யார் ஸ்டெல்லா என்று சிஸ்டர் பிறகு தனியாக வந்து என்னைக் கேட்டார். நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பெண் தன் வலது முழங்கையைத் தடவிக்கொண்டே வேலை செய்ததைப் பார்த்தேன்.

முகத்துவாரத்தில் படுத்திருப்பவள்

பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். அது அவர் தப்பில்லை. அந்தப் பேருக்கு ஒரு கதை உண்டு என்று அவருக்குத் தெரியாது.

அத்தை கல்யாணமாகி முதலில் வாழப்போன இடம் முகத்துவாரக்குப்பம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற வாய். ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கிற அந்தத் தண்ணீருக்குச் சொந்த நிறம் கிடையாது. ஒருநாள் சாம்பல், ஒருநாள் பச்சை, ஒருநாள் துருப்பிடித்த இரும்பு.

ஒருமுறை அங்கே ஒரு பெண் கரை ஒதுங்கினாள். போலீஸ் வந்தது, கொண்டுபோனார்கள், விசாரித்தார்கள். யாரும் தேடி வரவில்லை. கடைசியில் குப்பத்து ஆட்களே கேட்டு வாங்கி வந்து அடக்கம் செய்தார்கள். கழுவியது அத்தை.

பேர் சொல்லாமல் அவளுக்குக் கழுவ வராது. கையைக் கொடு என்று யாரிடம் கேட்பது? பேரில்லாத உடம்பு இணங்கவில்லை என்பாள். கொஞ்ச நேரம் யோசித்தாளாம். பிறகு தன் கையில் இருந்த ஒரே பேரைக் கொடுத்துவிட்டாள்.

“பிலோமினா, கையக் குடும்மா.”

அந்தப் பேரில்தான் அவளைப் புதைத்தார்கள்.

இந்தக் கதையை அத்தை எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நாங்களும் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறோம். டாக்டர் சொன்னபடி நான் கட்டில் அருகே குனிந்து, “பிலோமினா அத்த! பிலோமினா!” என்று கூப்பிட்டபோது, அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

“கத்தாத. அவ முகத்துவாரத்துல நிம்மதியா படுத்துகினு கீறா. கூப்ட்டா அவதான் எந்திரிச்சு வருவா.”

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் பாரந்தூக்கி ஒன்று, தூக்கிய பெட்டியை இறக்காமல், அப்படியே ஆகாயத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் பிறகு நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தாயாரம்மா. மணலிப் பக்கத்து மாத்தூர்க்காரர், அத்தை வயதுதான். மகன் டேங்கர் லாரி டிரைவர் என்பதால் வந்த நாளிலேயே சேவியருக்குச் சொந்தமாகிவிட்டார். பித்தப்பையில் கல். மணலி நெடி வீசினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இவர் மூச்சை இழுத்துவிட்டு, “அப்பாடா, வூட்டுக் காத்து,” என்பார்.

அத்தையின் சாவைப் பற்றி அந்த வார்டில் பயப்படாதவர் இவர் ஒருவர்தான்.

“இன்னா பிலோ, செத்துட்டியாமே? பால் எப்ப ஊத்தறது? எனுக்கு மத்தியானம் ஆபரேசன் கீது, அதுக்கு முன்னால சொல்லிடு, வந்து நாலு அயுவ அயுதுட்டுப் போறேன்.”

“நீயி அயுவாத. ஒடம்புக்கு ஆவாது,” என்றாள் அத்தை, மிகுந்த கனிவோடு.

“பாத்தியாடி, செத்தவளுக்கு எம்மேல எவ்ளோ அக்கற!”

அன்று காலையிலிருந்து தாயாரம்மா பட்டினி. ஆபரேஷன் ஆகிறவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நேரம் ஏற ஏற அவருடைய நகைச்சுவை குறைந்து வசவு கூடியது. “சாவு வூட்ல கூட டீ குடுப்பாங்கோ. இங்க எச்சி முயுங்கவுடமாட்றாங்கோ.”

வெயில் உச்சிக்கு வந்தபோது சிஸ்டர் வந்து அவரைத் தயார் செய்தார். மூக்குத்தி. தோடு. வளையல். கொலுசு. உடம்பைத் துடைத்தார். சடை பின்னினார். வெளுத்த துணியைப் போர்த்தினார். நான் அத்தையைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் ஒவ்வொரு படியையும் தொடர்ந்துகொண்டிருந்தன. உதடு அசைந்தது. அடுத்தது, அடுத்தது என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு வந்த கஞ்சி வழக்கம்போல மார்புக்கு நேராக இருந்த பலகையில் ஆறிக்கொண்டிருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தைச் சாய்வாக உயர்த்திவைத்திருந்தோம். வெந்நீர் பிடிக்க நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

திரும்பி வாசலில் கால் வைத்தபோது பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டுக்குத் தூக்காத கையை அத்தை தூக்கியிருந்தாள். அதில் கரண்டி. கரண்டியில் கஞ்சி. இரண்டு கட்டிலுக்கும் நடுவே அந்தக் கை நீண்டிருந்தது. தாயாரம்மா தன் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்துவந்து, குஞ்சுப்பறவை போல வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

“பசியோட போவக்கூடாது கண்ணு,” என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திய அறைகளில் பேசுகிற அந்தக் குரல். “ஒரு வா வாங்கிக்கோ. அப்பால நேரா போயிடு. திரும்பிப் பாக்காத.”

“அத்த! குடுக்காத!”

நான் போட்ட கூச்சலில் சிஸ்டர் ஓடி வந்தார். கஞ்சி தாயாரம்மாவின் உதட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது.

“ஒரு வா கஞ்சி இன்னாம்மா பண்ணிடப்போவுது?” என்றார் தாயாரம்மா.

“வயித்துல எதாவது இருக்கும்போது மயக்கம் குடுத்தா, அது மேல ஏறி மூச்சுக்குழாய்ல போயிரும்,” சிஸ்டருக்கு மூச்சு வாங்கியது. “ஆளு செத்துருவாங்க.”

அத்தை கரண்டியை அசைக்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தாள். தாயாரம்மாவைப் பார்த்தாள்.

“இனிமேட்டா?” என்று கேட்டாள்.

“இன்னாது இனிமேட்டா?” தாயாரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் செத்துட்டேன்னா நென்ச்சுகினு கீற? தை மாசம் பேரன் கல்யாணம் வெச்சுகினு கீறேன் நானு! எனுக்குப் பசிக்குது, குட்றி இங்க!”

சொன்னவர் எட்டிக் கிண்ணத்தையே பிடித்தார். பசி அந்த அளவுக்கு முற்றியிருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் குளுக்கோஸ் கம்பம். சிஸ்டர் கட்டிலின் அந்தப் பக்கம்.

அத்தை வெடுக்கென்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். தாயாரம்மாவின் கை விடாமல் பின்தொடர்ந்தது. வைக்க இடமில்லை, கொடுக்க ஆளில்லை. அத்தை ஒரு கணம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு வாயில் வைத்துக் கவிழ்த்தாள். மடமடவென்று, மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள்.



வெறும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தாடையில் கஞ்சி வழிந்தது. நான் துடைக்கவில்லை. துடைத்தால் கலைந்துவிடும் போலிருந்தது, எதுவென்று தெரியாத ஏதோ ஒன்று.

வெகுநேரம் கழித்து நாக்கால் உதட்டைத் தடவினாள்.

“உப்பே இல்லியேடி,” என்றாள்.

அப்போது தள்ளுவண்டி வந்தது. தாயாரம்மாவை அதில் மாற்றிப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் அவர் முகம் வேறாகிவிட்டது. வசவு எல்லாம் எங்கோ போய்விட்டது. நகை இல்லாத காதும் மூக்குமாக, வெள்ளைத் துணிக்குள் சின்னஞ்சிறியவராகிக் கிடந்தார். சக்கரம் உருளத் தொடங்கியதும் கையை நீட்டி அத்தையின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பிலோ, நான் வர்ற வரிக்கும் இங்கியே இருப்பியா?”

அத்தை அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். சூடு பார்க்கிறாள் என்று தோன்றியது. பிறகு சலித்துக்கொண்டாள்.

“நான் எங்கடி போவறது? இடுப்பு ஒட்ஞ்சி கெடக்கறேன். போயிட்டு வா.”